மார்த்தாவை இரண்டு முறை கூப்பிட்டவர்

பால் தீய்ந்த வாசனை வந்தால் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது. போன ஞாயிறு பங்குக் கோயில் மண்டபத்தில் பெண்களுக்கான பைபிள் வகுப்பு. வெளியூர்ப் பேச்சாளர் ஒருவர் திரையில் படம் போட்டு மார்த்தா, மரியா கதையை விளக்கிக்கொண்டிருந்தார். பின்பக்கத்துச் சமையலறையிலிருந்து அந்த வாசனை வந்தது. நாற்காலியில் நெளிந்தேன். முதுகுவலியா என்று கேட்டாள் பக்கத்திலிருந்தவள். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். உண்மைக் காரணத்தை உங்களிடம்தான் சொல்ல முடியும்.

கல்யாணமாகி ஒதியம்பட்டுக்கு வந்த புதிது. நர்சரி பள்ளியில் டீச்சர் வேலை. எங்கள் பக்கத்தில் நெல்லும் கரும்பும் போட்ட இந்துக் குடும்பங்கள்தான் அதிகம். இருந்த கொஞ்சம் கிறிஸ்தவ வீடுகள் சேர்ந்து அன்பியம் என்று ஒரு ஜெபக் குழு. வாரம் ஒரு வீட்டில் கூடுவோம். ஸ்டூலில் மெழுகுவர்த்தி, பைபிள். ஒருவர் வாசிப்பார், கோயில் உபதேசியார் விளக்கம் சொல்வார், பிறகு டீ. அந்த டீயில்தான் வம்பே. எவள் வீட்டில் கூட்டமோ அவள் அடுப்படியில் நிற்பாள். தன் வீட்டில் என்ன வாசித்தார்கள் என்று அவளுக்கே தெரியாது. இது யாருக்கும் விநோதமாகப் படவில்லை, எனக்கும்தான்.

பாகூரிலிருந்து மாற்றலாகி வந்த பிலோமினா அக்காவுக்குத்தான் பட்டது. அரசு ஆஸ்பத்திரி நர்ஸ். பேச்சும் ஊசி போடுகிற வேகம். ஒரு கூட்டம் சமாதானமாக முடிந்தால் அவருக்குச் சோறு இறங்காது என்பார் என் மாமியார்.

எங்கள் வீட்டு முறை வந்தபோது வாசித்தது இதே மார்த்தா கதை. வீட்டுக்கு வந்த இயேசுவுக்கு மார்த்தா சமைக்கிறாள், தங்கை மரியா அவர் காலடியில் உட்கார்ந்து கேட்கிறாள், மார்த்தா வந்து முறையிட்டால், "மார்த்தா, மார்த்தா" என்று ஆரம்பித்து மரியா செய்ததுதான் நல்லது என்கிறார். அடுப்படிவரை அரைகுறையாகக் கேட்டது. சமையல் கிடக்கட்டும், மரியாவைப் போல ஆண்டவர் காலடியில் அமருங்கள் என்றார் உபதேசியார். எனக்குச் சுருக்கென்றது. இஞ்சியை ஓங்கி நசுக்கினேன். அக்கா குறுக்கே புகுந்து, ஆண்டவர் ஏன் மார்த்தாவை இரண்டு முறை பேர் சொல்லிக் கூப்பிட்டார் என்று கேட்டார். பாசத்தில் என்றார் உபதேசியார்.

"அதில்ல. வேலையா இருக்கறவளுக்கு ஒருவாட்டி கூப்புட்டா காதுல வுழாது."

மார்த்தாதான் முறையிட எதிரே வந்து நின்றாளே என்றார் உபதேசியார்.

"உடம்பு வந்து நின்னுச்சி. மனசு அடுப்பாண்டதான இருந்துச்சி."

சொன்ன கையோடு அடுப்படிக்கு வந்து என்னை இரண்டு முறை பேர் சொல்லிக் கூப்பிட்டார். கையைப் பிடித்துக் கூடத்துக்கு இழுத்துவந்து, "நீ இன்னா நெனைக்கற, சொல்லு" என்றார்.

இஞ்சிக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டேன். உயிர்த்தெழுந்த பிறகு இயேசு ஏரிக்கரையில் நெருப்பு மூட்டிச் சீடர்களுக்கு மீன் சுட்டுக் கொடுத்தாரே, அந்தக் கதை எப்படியோ ஞாபகம் வந்தது. நல்லவாடு கடற்கரையிலிருந்து வரும் மீனை வாங்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

"மீன் சுடத் தெரிஞ்சவருதான? அவரே எழுந்து ஒரு கை குடுத்திருந்தா, அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் உக்காந்து கேட்டிருப்பாங்க."

உள்ளே பால் பொங்கித் தீய்ந்தது. எழுந்த மாமியாரை அக்கா உட்காரவைத்தார். பிறகு பெண்கள் ஆளுக்கொன்று பேசினார்கள், டீயை யாரும் கேட்கவில்லை. எல்லோரும் போனபின் பாத்திரத்தைச் சுரண்டியபடி, "நல்லாத்தான் சொன்ன" என்றார் மாமியார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

சில மாதம் அப்படியே ஓடியது. டீயை முன்பே ஃபிளாஸ்கில் ஊற்றிவிடுவோம். வீட்டுக்காரிதான் முதலில் பேசவேண்டும். பைபிளில் ஆபிரகாம் தன் பிள்ளையோடு துரத்திவிட்ட அடிமைப் பெண் ஆகாருக்காக எங்கள் கூட்டத்தில் ஒரு சண்டையே நடந்தது. யார் போய்ச் சொன்னார்களோ, பங்கிலிருந்து அச்சடித்த விளக்கத்தாள் வந்தது. அதை வாசித்தால் போதும், சொந்தமாக எதுவும் சொல்லவேண்டாம் என்றார்கள். அக்கா ஒரு வாரம் வாயை மூடி உட்கார்ந்து பார்த்தார். அப்புறம் வரவில்லை. காரைக்காலுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். வீட்டுக்காரிகள் மறுபடி அடுப்படிக்குப் போனோம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மண்டபத்தில் பேச்சாளர் "மார்த்தா, மார்த்தா" என்று குரலைக் குழைத்தபோது எழுந்துவிட்டேன். சமையலறையில் ஜெனி, புதிதாகக் கல்யாணமான பெண், பொங்கிய பாலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஜெனி, ஜெனி என்று கூப்பிட்டேன்.

"தோ ஆயிடுச்சி ஆன்ட்டி, டீ வந்துடும்."

டீ கிடக்கட்டும், வந்து உட்கார் என்றேன். பேச்சை வாட்ஸப்பில் அனுப்பிவிடுவார்கள், வீட்டுக்குப் போய்க் கேட்டுக்கொள்கிறேன் என்றாள். நான் அடுப்பை அணைத்தேன்.

"நீ இன்னா நெனைக்கற, அத சொல்லு."

துணியைப் பிழிந்துகொண்டே நிமிர்ந்தாள்.

"எதப் பத்தி ஆன்ட்டி?"