இடப்பக்கத்து இருக்கை

நாகலூர் எஸ்டேட்டில் மேனேஜராக இருந்த என் அப்பாவுக்கு இருபது வருடம் கார் ஓட்டியவர் செங்கோடன். அப்பா அமெரிக்காவிலிருந்து பழைய பொம்மைக் கார்களைத் துண்டு துண்டாகப் பெட்டியில் வரவழைப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் உட்கார்ந்து அவற்றை ஒட்டுவார்கள். தொலைந்துபோன டயருக்குச் செருப்பு ரப்பரை வெட்டிப் பொருத்துவது செங்கோடன் வேலை. வேறு எதையாவது மாற்றினால், "கம்பெனிக்காரனைவிட உனக்குத் தெரியுமா?" என்று அப்பா அதட்டுவார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நான்கில் நான் ஊர் சுற்றித் திரும்பியபோது அப்பா இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. மேசையில் ஒரு கார் பாதியில் நின்றிருந்தது.

"பெட்டியில இருக்கற படம் மாதிரியே முடிச்சுக் குடுங்கண்ணா" என்றேன்.

பத்து நாளில் கொண்டுவந்தார். பச்சை வர்ணம் மழைக்குப் பிந்திய காப்பி இலைபோல மின்னியது. ஆனால் ஸ்டியரிங் வலப்பக்கம் இருந்தது. படத்தில், அமெரிக்கக் கார்களில் உள்ளபடி, அது இடப்பக்கம். அறுத்து மாற்றியிருந்தார்.

"அப்பாவோட கடைசிக் கார். இப்படிக் கெடுத்துட்டீங்களே!"

செங்கோடன் தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"நொம்ப யோசிச்சுத்தான் செஞ்சனுங்க சாமி. ஐயா எப்பவும் எனக்கு இடதுகைப் பக்கந்தான் உக்காருவாரு. படத்துல இருக்கறாப்பல வெச்சா, அவரு எடத்துல நானில்லீங்க உக்காந்திருப்பேன்?"

நான் காருக்குள் பார்த்தேன். இடப்பக்கத்து இருக்கையில் மட்டும் துணி விரித்திருந்தது. அப்பா எஸ்டேட்டுக்குப் போட்டுப்போகும் காக்கிச் சட்டையின் துணி.

அப்பாவின் மற்றக் கார்கள் இருந்த அலமாரியின் கதவைத் திறந்தேன்.

"நீங்களே வைங்கண்ணா" என்றேன்.