ஆடாதீங்க அக்கா

பழைய குண்டுவீச்சு விமானத்தின் வயிற்றுக்குக் கீழே, அருங்காட்சியகத்தின் சிமென்ட் தரையில் அவர் மல்லாந்து படுத்திருக்கிறார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கேமராவை மார்பில் ஊன்றி, முழங்கைகளை விலாவோடு ஒட்டவைத்திருக்கிறார். "மூச்சை இழுங்க... பிடிங்க... ஆடாதீங்க" என்று தனக்குத்தானே முணுமுணுக்கிறார். கேமரா மெல்லச் சொடுக்குகிறது. "ம், விடலாம்." அந்தப் பக்கமாக வந்த ஒரு குடும்பம், யாரோ மயங்கி விழுந்துவிட்டார்கள் என்று பதறி நிற்கிறது. காவலாளி தூரத்திலிருந்தே கையை ஆட்டுகிறார்: "ஒண்ணுமில்ல, அவங்க அப்படித்தான். படம் எடுக்குறாங்க."

மூச்சைப் பிடிக்கச் சொல்வது அவருடைய தொழில். அரசு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். அங்கே டாக்டர் முதல் துப்புரவாளர் வரை எல்லோருக்கும் அவர் 'ஆடாதீங்க அக்கா'தான். பெயரைச் சொல்லி விசாரித்தால் உதட்டைப் பிதுக்குவார்கள். பட்டப்பெயரைச் சொன்னால் கையோடு கூட்டிக்கொண்டுபோய் அவர் அறை வாசலில் விடுவார்கள். கை முறிந்து அலறும் குழந்தையானாலும் சரி, போதையில் துள்ளும் ஆளானாலும் சரி, அவர் குரலை உயர்த்துவதில்லை. நீ அடங்கும்வரை நான் இங்கேதான் நிற்பேன் என்ற தொனி அந்தக் குரலில் இருக்கும். அவர்களும் அடங்கிவிடுவார்கள்.

விமானப் பித்து பிடித்தது ஒரு மழையால். பஸ்ஸுக்கு நின்றவர், சாரல் முழங்காலுக்கு ஏறவும் எதிரே இருந்த கட்டடத்துக்குள் ஓடினார். அது அருங்காட்சியகம். உள்ளே ஒரு போர் விமானத்தின் பக்கத் தகடுகளைக் கழற்றி வைத்திருந்தார்கள். "எட்டிப் பாத்தேன். வளைவு வளைவா விலா எலும்பு, நடுவுல முதுகெலும்பு. நாள் பூரா நான் பாக்குறதேதான். ஆனா இது அழாது, இருமாது, எப்ப முடியும்னு கேக்காது. எனக்கு ஒரே நிம்மதியாப் போச்சு" என்கிறார். மழை விட்டது. அவர் விடவில்லை. அடுத்த விடுமுறை நாளில் இரவல் கேமராவோடு அங்கே நின்றார்.

இறக்கை விரித்து நிற்கும் முழு விமானத்தை அவர் படமெடுப்பதில்லை. "அது வேணும்னா வாசல்ல பட அட்டை விக்குறாங்க, வாங்கிக்கங்க." அவருக்கு வேண்டியது சக்கரம் மடங்கும் குழி, எண்ணெய்க் கசிவின் கறை, மிதிபட்டுத் தேய்ந்த படி. எது எந்தச் சண்டையில் யாரை அடித்தது என்ற பலகையைப் படிக்கவே மாட்டார். ஆனால் குண்டு துளைத்து ஒட்டுப்போட்ட இடம் கண்ணில் பட்டால் நின்றுவிடுவார். "இதை ஒட்டினவனுக்கு அன்னிக்கு நேரமே இல்ல போல. ஆணியெல்லாம் கோணலா போயிருக்கு. உள்ள உக்காந்திருந்தவன் என்ன ஆனானோ" என்பார். பிறகுதான் கேமராவை எடுப்பார். அவர் பையில் ஒரு டார்ச் இருக்கிறது; வெளிச்சம் முரட்டுத்தனமாக விழாமலிருக்க அதற்கு ஆஸ்பத்திரி ரப்பர் கையுறை ஒன்றை மாட்டியிருப்பார். ஒரே பாகத்தை நேராக ஒன்று, குறுக்காக ஒன்று என்று எடுப்பது தொழிலில் வந்த பழக்கம். "ஒரு பக்கம் எடுத்தா பாதி பொய்" என்பது அவர் கட்சி.

வீட்டில் இதற்குப் பெரிய எதிர்ப்பில்லை, கேலிக்குத்தான் குறைவில்லை. பூட்டு ரிப்பேர் கடை வைத்திருக்கும் கணவர், "நம்ம கல்யாணத்துக்கே இத்தனை படம் எடுக்கல. அதுலயும் பாதியில நான் கண்ணை மூடியிருக்கேன்" என்பார். நாத்தனார் வந்தால் நேரடியாகவே கேட்பார்: "அண்ணி, ஊர்ல பாக்க எவ்வளவோ இருக்க, இந்த ஓட்டை உடைசல்ல என்ன இருக்கு?" அக்கா அலட்டிக்கொள்ளாமல் படத்தைப் பெரிதாக்கிக் காட்டத் தொடங்கிவிடுவார். நாத்தனார் அடுப்பில் ஏதோ கருகுவதாகச் சொல்லி எழுந்துவிடுவார்.

இத்தனைக்கும் அவர் விமானத்தில் ஏறியதே இல்லை. உயரம் என்றால் குலை நடுங்கும். மாடி வீட்டு உறவுக்காரரைப் பார்க்கப் போனால் பால்கனிப் பக்கம் முதுகைக் காட்டித்தான் உட்காருவார்.

இப்படிப்பட்டவரை உயரத்துக்கு இழுத்தது ஒரு தொலைபேசி அழைப்பு. வேறொரு ஊரில், வாடகைக் கொட்டகை ஒன்றில், ஒரு சிறிய குழு பழைய போர் விமானம் ஒன்றைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தது. அதில் இருந்த வெல்டர் பெண் இணையத்தில் அக்காவின் படங்களைப் பார்த்திருக்கிறாள். "உங்க படத்துலதான்கா நட்டு போல்ட்டு தெரியுது. மத்தவங்க படத்துல வானந்தான் தெரியுது" என்று ஆரம்பித்தவள் கஷ்டத்தைச் சொன்னாள். கொட்டகைக்காரர் இடத்தைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார். சொந்தக் காலில் நிற்கும் விமானமாக இருந்தால் இழுத்துக்கொண்டு போக ஒரு அருங்காட்சியகம் தயார். ஆனால் சக்கரக் காலை இறக்கி நிறுத்தும் எண்ணெய்க் குழாய் அரித்துப் போய்விட்டது. அது எப்படி வளைந்து போகும் என்பதற்கு வரைபடம் எங்கும் கிடைக்கவில்லை. பழைய இரும்பு வாங்குபவர் வந்து பார்த்துவிட்டும் போய்விட்டார். "அதே ரக விமானம் உங்க ஊர்ல இருக்கு. அதோட சக்கரக் குழிக்குள்ள மட்டும் ஒரு படம் வேணும்கா."

இருந்தது. ஆனால் கூரையிலிருந்து கம்பிகளில் தொங்கியது. சக்கரத்தை நீட்டிக்கொண்டு, பறந்துவந்து இறங்கப்போவது போல. கீழேயிருந்து என்ன லென்ஸ் போட்டாலும் கறுப்புப் பொந்துதான் தெரிந்தது.

ஏணி கேட்டுப் போனார். அருங்காட்சியகப் பொறுப்பாளர் நல்ல மனிதர், அதனாலேயே மறுத்தார். "நீங்க விழுந்தா நான் பதில் சொல்லணும்மா." அக்கா அடுத்த விடுமுறைக்கும் போனார், அதற்கடுத்ததற்கும் போனார். விடாக்கண்டனும் கொடாக்கண்டனும் கதைதான். கடைசியில் அக்கா சொன்னார்: "விழமாட்டேன்னு சொல்ல வரல சார். விழாம இருக்க என்ன செய்யணும்னு சொல்லுங்க, செய்யுறேன்." பொறுப்பாளர் பேனாவை மூடிவைத்தார். தொங்கும் விமானங்களைத் துடைக்கச் சாரம் கட்டப்போகிறார்கள் என்றும், வேலையாட்களுக்கு மட்டும் இடுப்புப் பட்டை, தலைக்கவசத்தோடு மேலே அனுமதி உண்டு என்றும் சொன்னார்.

அக்கா நேரே சாரம் கட்டும் மேஸ்திரியிடம் போனார். "மேல வந்தா துடைக்கணும்கா, சும்மா நிக்க முடியாது" என்றார் மேஸ்திரி. "துணியை யார் கொண்டு வரணும், நானா நீங்களா?" என்று கேட்டார் அக்கா.

துடைக்கும் நாளன்று காலையில் சாரத்தின் முதல் படியில் கால் வைத்தபோதே அவர் முகம் வெளுத்துவிட்டது. தலைக்கவசம் பெரியது, அடிக்கடி சரிந்து கண்ணை மறைத்தது. கீழே தெரியாமலிருந்ததால் அவர் அதைச் சரிசெய்யவில்லை. பாதி ஏறி, கம்பியைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். "இறங்கிடுறீங்களாக்கா?" என்று மேலிருந்து கேட்டார் மேஸ்திரி. "பேச்சுக் குடுக்காதீங்கண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த படிக்குக் கையை நீட்டினார். மேலே போய், சொன்ன சொல் தவறாமல் ஒரு பக்க இறக்கையை முழுக்கத் துடைத்தார். தூசு அடை அடையாக உதிர்ந்தது. இடைவேளையில், டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, குழிக்குள் தலையைவிட்டுப் படங்களை எடுத்தார்.

மாலையில் கீழே இறங்கி, கேமராத் திரையில் ஒவ்வொன்றாகப் பார்த்தவர் ஒன்றில் நின்றார். மற்றதெல்லாம் தெளிவு. குழாய் வளைந்து தூணுக்குப் பின்னால் நுழையும் இடம், எதற்காக ஏறினாரோ அந்த இடம், கலங்கியிருந்தது. "ஊரையெல்லாம் ஆடாதீங்கன்னு சொல்லிட்டு நானே ஆடிட்டேன்" என்றார்.

சாரத்தைக் கழற்றும் ஆட்கள் அதற்குள் ஸ்பானரை எடுத்துவிட்டார்கள். அக்கா அவர்களைத் தாண்டிப் போய், "கொஞ்சம் பொறுங்க தம்பி" என்று சொல்லிவிட்டுத் தானே பட்டையை மாட்டிக்கொண்டு ஏறினார். இந்த முறை மேலே போனதும் பலகையில் மல்லாந்து படுத்தார். கேமராவை மார்பில் ஊன்றினார். பலகை லேசாக ஆடிக்கொண்டிருந்தது. மேலேயிருந்து ஆஸ்பத்திரிக் குரல் வந்தது: "கீழ யாரும் சாரத்தைத் தொடாதீங்க. மூச்சை இழுங்க... பிடிங்க... ஆடாதீங்க."

மேஸ்திரி கல்லாகிப் போனார். ஆட்கள் ஸ்பானரோடு உறைந்தார்கள். என்ன நடக்கிறதென்று பார்க்க வந்த பொறுப்பாளரும் ஒரு காலைத் தூக்கியது தூக்கியபடி நின்றார். "ம், விடலாம்" என்று கேட்ட பிறகுதான் எல்லோருக்கும் மூச்சு வந்தது.

அந்தப் படத்தைப் பார்த்துத்தான் வெல்டர் பெண் குழாயை வளைத்தாள். விமானம் கொட்டகையைவிட்டு உருண்டு வெளியே வந்த படத்தையும் அனுப்பினாள். ஆனால் அது பிற்பாடு நடந்தது. அன்று இறங்கி வந்த அக்கா, பெஞ்சு பக்கத்திலிருந்தும் அதில் உட்காராமல் தரையிலேயே உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கைகளையும் சிமென்ட்டில் பதித்துக்கொண்டார்.

மேஸ்திரி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "நாளைக்கு அந்தக் கோடியில இருக்கே, பெரிசு, அதுக்குச் சாரம் மாத்துறோம். இதைவிட உயரம். உங்களுக்குத்தான் வேலை முடிஞ்சிருச்சே, வரமாட்டீங்கல்ல?"

அக்கா தண்ணீரைக் குடித்துவிட்டு, கழற்றி வைத்த தலைக்கவசத்தை மடியில் கவிழ்த்துப் போட்டு, கண்ணை மறைக்காதபடி அதன் பட்டையைத் தன் தலைக்குத் தக்கபடி சுருக்கத் தொடங்கினார்.