கணவாய்ப் பிறீசரும் என் கேத்தலும்

பசுமைத் தொழில்நுட்பம் என்றால் என்ன, அது எதற்கு என்று எளிய அறிமுகம் ஒன்று எழுதும்படி சில வாசகர்கள் கேட்டிருந்தார்கள். பாடப்புத்தகத்தைப் பார்த்து எழுதுவதைவிட, அதை நம்பி வாழும் ஒரு வீட்டில் தங்கிப் பார்க்கலாம் என்று போன மாசியில் நெடுந்தீவுக்குப் போனேன். நான்கு வயது மகளும் வந்தாள். இப்போது அவள் நித்திரை. இனித்தான் எழுத முடிகிறது.

யாழ்ப்பாணத்தில் காலை ஆறரை பஸ்ஸைப் பிடித்தால் எட்டு மணியளவில் குறிகட்டுவான் இறங்குதுறை. அங்கிருந்து படகில் ஒரு மணித்தியாலம் போல. மகளின் உயிர்காப்பு அங்கி அவளுக்குப் பெரிதாக இருந்தது. அதன் நாடாவைப் பிடித்துக்கொண்டே இருந்ததில் நான் கடலைப் பார்க்கவேயில்லை.

தீவில் இறங்கியதும் ஓட்டோக்கார அண்ணை என் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்ன அக்கா, குசினியையே கொண்டு வந்தனீங்களோ?" என்றார். பாதி உண்மை. உள்ளே தண்ணீர் கொதிக்கவைக்கும் கரண்ட் கேத்தல் இருந்தது.

நாங்கள் தங்கியது மேற்குக் கரையில், மெற்றில்டா அக்கா வீட்டில். கணவர் அல்போன்ஸ் அண்ணை கடற்தொழில் செய்பவர். அந்த ஒழுங்கைக்கு மின்கம்பம் வரவில்லை. கூரையில் சோலர் தகடுகள், மூலையில் பற்றரிகள். பகல் வெயிலில் பற்றரி நிறையும், இரவில் அதில் மீன் பிறீசர் ஓடும். பசுமைத் தொழில்நுட்பத்தை என்னால் இதைவிட எளிதாகச் சொல்ல முடியாது: எரித்துத் தீர்ப்பதை விட்டு, தினமும் திரும்பி வரும் வெயில், காற்று போன்றவற்றிடம் வேலை வாங்குவது. அது எதற்கு என்பதும் அங்கேயே தெரிந்தது. முன்பு ஜெனரேற்றருக்கு எண்ணெய் படகில் வரவேண்டும். கடல் குழம்பினால் படகில்லை; பிடித்த மீனும் பழுது.

"அரைக்கிறது, அயன் பண்ணுறது எல்லாம் வெயில் நிக்கேக்க," என்றார் அக்கா. "பொழுதுபட்டா பிறீசரும் ஒரு லைற்றும்தான். சனி மத்தியானம் அயன் பண்ணின சேட்டுக்கு ஞாயிறு பூசை வரைக்கும் இவர் காவல்."

அன்று முழுக்க மப்பு, வெயிலே இல்லை. பிறீசரில் மறுநாள் காலைப் படகில் அனுப்பவேண்டிய கணவாய் மீன் நிறைந்திருந்தது.

மாலையில் அக்கா விறகடுப்பில் தண்ணீர் கொதிக்கவைத்து, சுடுதண்ணிப் போத்தலில் ஊற்றித் தந்தார். "நல்லாக் கொதிச்சது. பயப்பிடாதையும்." தலையாட்டினேன். அறைக் கதவைச் சாத்திவிட்டு, அதே தண்ணீரைக் கேத்தலில் ஊற்றிச் சுவிச்சை அழுத்தினேன். பௌதிகம் படித்தவள் நான். கேத்தல் எவ்வளவு இழுக்கும், மப்பு நாளில் பற்றரி எவ்வளவு தாங்கும் என்று தெரியாமல் செய்யவில்லை. ஒரு தரம்தானே என்று நினைத்தேன். பிறகு கோப்பை கழுவ இன்னொரு தரம். அப்போது லைற் போனது. பிறீசரின் இரைச்சலும் நின்றது.

அல்போன்ஸ் அண்ணை ரோச் லைற்றோடு வந்தார். "பற்றரி இறங்கிப்போச்சு. இனி வெயில் வந்தாத்தான். அறையில ஏதும் போட்டனீரோ, தங்கச்சி?"

"இல்லை அண்ணை. போன் மட்டும்தான்."

"அம்மா தண்ணி சுட வச்சவ," என்றாள் மகள். "அன்ரி தந்த தண்ணிக்க பூச்சி இருக்காம்."

அக்கா சிரித்தார். "என்ன நிறப் பூச்சியாம், குஞ்சு?" என்று அவளிடம்தான் கேட்டார். என்னைப் பார்க்கவில்லை.

இருவருமாகப் பிறீசரைச் சாக்கு, போர்வை எல்லாம் போட்டு மூடினார்கள். உதவப் போனேன். "நீர் போய்ப் பிள்ளையோட படும்," என்றார் அண்ணை.

விடியவும் மப்புத்தான். பிறீசரைத் திறந்தபோது அடிக் கணவாய் இறுகியபடி இருந்தது, மேல்தட்டு இளகிவிட்டது. அடியில் இருந்தது படகுக்குப் போனது. "மிச்சத்தைக் கருவாடு போடுவம்," என்று அண்ணை கத்தியை எடுத்தார். நான் காசை நீட்டினேன். அக்கா வாங்கவில்லை.

"கேட்டிருந்தா திரும்பவும் கொதிக்க வச்சுத் தந்திருப்பன்," என்றார்.

போகப்போகிறவர்களுக்கு: படகு நேரத்தை முதல்நாளே விசாரியுங்கள், கடலைப் பொறுத்து மாறும். சோலர் வீட்டில் போனையும் பவர் பாங்கையும் மத்தியானமே ஏற்றி வையுங்கள். கேத்தல், தலை காயவைக்கும் கருவி எதுவும் வேண்டாம். பிள்ளைக்குக் கொடுக்கும் தண்ணீரில் பயமென்றால் வீட்டுக்காரரிடம் வாய் திறந்து சொல்லுங்கள். கதவைச் சாத்தாதீர்கள்.

மகள் இன்றும் கேட்டாள், அந்த அன்ரி வீட்டுத் தண்ணீரில் பூச்சி இருந்ததா என்று. இல்லை என்றேன்.

"அப்ப ஏன் சுட வச்சனீங்கள்?"