காடாம்புலியூர் திருப்பத்தில் அறுந்த பெல்ட்

இது நடந்தது. நாள் இருக்கிறது, நேரம் இருக்கிறது. நெய்வேலி டவுன்ஷிப்பில் வேன் ஓட்டிய சைமன்ராஜ் கதை கட்டுகிற ஆள் இல்லை. டயர் பஞ்சரானால்கூட எத்தனை மணிக்கு என்று டயரியில் எழுதுகிறவர்.

வண்டி பழைய மெட்டடார். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆம்புலன்ஸாக ஓடியதை ஏலத்தில் எடுத்து, நீல பெயின்ட் அடித்து, பிளஸ் டூவில் தவறிய பதினோரு பிள்ளைகளைப் பண்ருட்டி டுடோரியலுக்கு ஏற்றிப் போனார். அதில் அவர் மகள் ஜெனிஷாவும் ஒருத்தி. 1998 அக்டோபர் 12, திங்கட்கிழமை, பண்ருட்டியில் அவர்களுக்குக் கணக்குப் பரீட்சை. தவறினால் இன்னொரு வருஷம் போச்சு.

அதற்கு முந்தைய மூன்று வாரத்தில் வண்டியின் இன்ஜினைச் சூடேறாமல் காக்கும் ஃபேன் பெல்ட் மூன்று முறை அறுந்திருந்தது. காலையோ மாலையோ, ஒரே இடத்தில். காடாம்புலியூர் தாண்டி, முந்திரித் தோப்புத் திருப்பம். பண்ருட்டிக்குப் போகும்போது மட்டும். திரும்பும்போது ஒருமுறைகூட இல்லை.

மெக்கானிக் நல்லசாமி டைனமோ பேரிங்கை மாற்றினான். வாட்டர் பம்ப் ஆடுகிறதா என்று அசைத்துப் பார்த்தான். நூல் பிடித்து, பெல்ட் சுற்றும் சக்கரங்களான புல்லிகள் நேராக நிற்கின்றனவா என்று பார்த்தான். எல்லாம் நேர். பெல்ட்டும் கம்பெனி பெல்ட்தான். தேய்மானம் இல்லை, எண்ணெய்க் கசிவு இல்லை. ஒவ்வொன்றும் கத்தி வைத்தது போல அறுந்திருந்தது.

இன்னொன்றும் இருந்தது. மூன்று முறையும் இன்ஜின் மூடியைத் திறந்தபோது, அறுந்த பெல்ட் கீழே கிடந்தது. புல்லிகளில் ஒரு துணி முறுக்கிக் கட்டியிருந்தது. பச்சை நூல் சேலைக் கிழிசல். மழை இல்லாத நாளிலும் ஈரமாக.

"அவசரத்துக்கு உதவட்டும்னு நீதானே சுத்தி வச்ச?" என்று கேட்டார் சைமன்ராஜ்.

"நல்லாருக்குதுண்ணே! பொடவைய கிழிச்சிக் கட்டிகினு நீங்க வருவீங்க, பழி எம்மேலயா? அண்ணிக்குத் தெரியுமா?"

இருவரும் சிரித்தார்கள். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"மூடியத் திறந்து வச்சே ஓட்டுங்க. எங்க இழுக்குதுன்னு கண்ணால பாருங்க," என்றான் நல்லசாமி.

மறுநாள் பரீட்சை. ஞாயிறு மாலை சைமன்ராஜ் தனியாகக் கிளம்பினார். மெட்டடாரில் இன்ஜின் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும். மூடியைக் கழற்றிப் பின்னால் போட்டார். காடாம்புலியூரில் மழை பிடித்தது. கண்ணாடிகளை ஏற்றினார்.

மணி 4.20. திருப்பம். பெல்ட் ஆடாமல் நேராக ஓடியது.

டப்.

சிவப்பு விளக்கு எரிந்தது. பிரேக் போட்டார். வண்டி நின்றது. இன்ஜினை அணைக்கும் ஸ்டாப்பரை இழுத்தார். இன்ஜின் நிற்கவில்லை. மறுபடி இழுத்தார். நிற்கவில்லை.

கதவைத் திறக்கப் போனார். கைப்பிடி அசையவில்லை. இடது கதவு... அதுவும் திறக்கவில்லை. கண்ணாடி இறங்கவில்லை.

உள்ளே டீசல் புகை. சூடு. இன்ஜின் சூட்டைக் காட்டும் மீட்டர் முள் சிவப்பை நோக்கி ஏறியது.

அப்போது பின்னால் சத்தம் கேட்டது.

சர்ர்ர்ர்...

யாரோ துணி கிழிக்கிறார்கள். நிதானமாக. பல்லால் ஒரு முனையைக் கடித்து... மறுபடி...

சர்ர்ர்ர்...

தலைக்கு மேலிருந்த பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் பார்த்தார். காலி சீட்டுகள்.

குனிந்து இன்ஜினைப் பார்த்தார். ஓடும் புல்லியில் பச்சைத் துணி.

முள் இறங்கியது.

காதருகே மூச்சு. பெண் குரல்.

"சீக்கிரம் போங்க..."

போனார். கை தானாக ஸ்டீயரிங்கைத் திருப்பியது. பண்ருட்டியில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரி வாசலில் இன்ஜின் தானே நின்றது. கதவு திறந்துகொண்டது.

மணி 4.41.

வாட்ச்மேன் பெரியண்ணன் குடையோடு வந்தார். வண்டியைச் சுற்றிப் பார்த்தார்.

"இது அந்த ஆம்புலன்ஸ்தானே? நீலம் அடிச்சிட்டீங்களாண்ணே?"

அவர்தான் சொன்னார். நான்கு வருஷத்துக்கு முன்பு காடாம்புலியூர் கலியம்மாளின் மகள் சந்திராவைப் பிரசவ வலியோடு இதில் ஏற்றினார்கள். வழியில் ஃபேன் பெல்ட் அறுந்தது. கலியம்மாள் கட்டியிருந்த சேலையைக் கிழித்துக் கொடுத்தாள். டிரைவர் அதைக் கட்டி ஓட்டி வந்தார். வந்து சேர்ந்தபோது தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை.

சைமன்ராஜ் பஸ் பிடித்துக் காடாம்புலியூர் போனார். நடந்ததையெல்லாம் கலியம்மாளிடம் சொன்னார். அவள் டிரங்குப் பெட்டியிலிருந்து அந்தப் பச்சைச் சேலையை எடுத்துப் பிரித்தாள்.

"ஒரு துண்டுதான் தம்பி கிழிச்சேன். அப்புறம் பொட்டியத் தொறக்கவே இல்ல."

சேலை முழுக்கக் கிழிசல். துண்டு துண்டாகக் கிழிந்து போன இடங்களைச் சைமன்ராஜ் எண்ணினார். அவள் கிழித்தது ஒன்று. அவர் வண்டியில் வந்தது நான்கு. ஐந்து இருக்க வேண்டும்.

ஆறு இருந்தது.

கலியம்மாள் மெதுவாகக் கேட்டாள்.

"நாளைக்கு வண்டில யாரு வராங்க, தம்பி?"

இரவோடு இரவாக நல்லசாமி பண்ருட்டியிலிருந்து வண்டியைக் கட்டி இழுத்து வந்து, புது பெல்ட் போட்டு, குவார்ட்டர்ஸில் நிறுத்தினான். ஆனால் காலையில் பதினோரு பிள்ளைகளும் முதல் பஸ்ஸில் போனார்கள். பரீட்சை எழுதினார்கள். வண்டி பூட்டியே கிடந்தது. சாவி சைமன்ராஜின் சட்டைப் பையில்.

மாலை நல்லசாமியை வைத்துக்கொண்டு கதவைத் திறந்தார்.

இன்ஜின் சுட்டது.

பெல்ட் அறுந்து கீழே கிடந்தது. புல்லியில் பச்சைத் துணி.

ஈரமாக.