வலையில் சிக்கிய மஞ்சள் மூக்கு நாரை

2006, தை மாதத்து ஞாயிறு. காலை ஆறு மணிக்குக் கிழக்குத் தாம்பரத்தில் ஷேர் ஆட்டோ ஏறினேன். மேடவாக்கம் வரை பத்து ரூபாய். அங்கிருந்து பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் சுமார் மூன்று கிலோமீட்டர், நடந்தேன். எட்டு வருடமாக இந்த வழியாகத்தான் வேலைக்குப் போகிறேன். நின்று பார்த்தது அன்றுதான்.

ஏழு மணி. கோரைப்புல்லைத் தாண்டி, முழங்கால் ஆழத்தில் முப்பது நாற்பது மஞ்சள் மூக்கு நாரைகள். ஒவ்வொன்றும் என் இடுப்புயரம். அலகைப் பாதி திறந்து தண்ணீரில் விட்டு, ஒரு காலால் சேற்றைக் கலக்கி மீன் தேடிக்கொண்டிருந்தன. வாலருகே இறகுகளில் அப்படியொரு ரோஜா நிறம்.

ஒன்று மட்டும் சிறகடித்தும் எழும்ப முடியாமல் தவித்தது. மீன்பிடிக்கும் முனுசாமி என்பவரின் வலை அதன் காலில் சுற்றியிருந்தது. தண்ணீரில் அதன் பக்கத்தில் நின்றிருந்த அவர், அலகைப் பிடிக்க ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளச் சொன்னார், கண்ணைக் கொத்திவிடுமாம்.

அவர் துண்டை அதன் தலைமேல் போட்டார். நான் ஒரு கையால் அலகை மூடிப் பிடித்து, மறு கையால் சிறகுகளைச் சேர்த்து அணைத்தேன். அவ்வளவு பெரிய பறவைக்குக் கனமே இல்லை. அதன் இதயம் என் மணிக்கட்டில் அடித்தது.

நைலான் இழை சதைக்குள் இறங்கியிருந்தது. பிரிக்க வரவில்லை. முனுசாமி இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தார். புது வலை போலிருக்கிறதே என்றேன்.

"வலைய பின்னிக்கலாம் சார். கால் போச்சுன்னா இது இன்னா பண்ணும்?"

பத்து நிமிடம் ஆயிற்று. வலையில் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை.

விட்டதும் நாரை ஓடவில்லை. காயம்பட்ட காலை மடக்கிக்கொண்டு எங்கள் அருகிலேயே நின்றது. பிறகு மெல்ல ஊன்றிப் பார்த்தது. நாலு எட்டு வைத்தது. சிறகு விரிந்தபோது காற்று என் முகத்தில் மோதியது. கழுத்தை நீட்டி எங்கள் தலைக்கு மேல் ஒரு சுற்று ஏறி, கூட்டத்தோடு போய் இறங்கியது.

முனுசாமி வெகுநேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொறந்ததுலேர்ந்து இதுங்கள பாத்துகினு கீறேன் சார். இன்னிக்கித்தான் தொட்டேன்."

எட்டரைக்கு மேடவாக்கம் திரும்பினேன். டீக்கடைக்காரர் சேறு காய்ந்திருந்த என் கையைப் பார்த்துவிட்டு, கழுவிக்கொள்ளத் தண்ணீர்ச் செம்பை நீட்டினார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.