ஓர்ஃபாவின் முதுகு

அமெரிக்காவின் கிழக்குக் கெண்டக்கியில், எங்கள் பள்ளத்தாக்கில், முதுகு நேராக உள்ள ஆண்கள் குறைவு. ஓர்ஃபா சைஸ்மோரின் கணவன் டெல்மருக்கும் நிலக்கரிச் சுரங்கத்தின் கூரை சரிந்துதான் முதுகு போனது. மருத்துவர் தந்த அபின் வகை மாத்திரை முதலில் வலிக்காக இருந்தது. பிறகு மாத்திரைக்காக வலி இருந்தது. அவர் அளவைக் குறைத்ததும், வேறு மருத்துவர்களிடம் வாங்க டெல்மர் மனைவியை வண்டியில் ஏற்றினான். இங்கே அது வழக்கம். புருஷனுக்குப் போதாவிட்டால் மனைவி தன் முதுகை இரவல் தருவாள். மறுப்பவளைத்தான் ஊர் ஏசும்.

வழியெல்லாம் பாடம் நடக்கும்.

"இடுப்புல ஆரம்பிச்சு கால் வரைக்கும் தீக்கம்பி இழுத்தாப்புலன்னு சொல்லு."

"போன டாக்டர்கிட்டயும் அதைத்தானே சொன்னேன்?"

"அவரு இவருகிட்ட கேக்கவா போறாரு? உக்காரும்போது முகத்தைச் சுளி. பாதிரியார் பாட ஆரம்பிச்சா சுளிப்பியே, அப்படி."

அவள் சிரித்துவிட்டுப் போய்ச் சுளித்தாள். ஊர் ஊராகச் சென்று வாங்கியதில் ஒரு மாத்திரையைக்கூட அவள் விழுங்கியதில்லை. அதைச் சிலர் தியாகம் என்றார்கள். மறுக்கத் தெரியாமையை நான் அப்படி அழைக்கமாட்டேன்.

சில ஆண்டுகளில் அவளுக்கு உண்மையாகவே வலி வந்தது. பக்கத்து ஊருக்குப் புதிதாக வந்திருந்த பெண் மருத்துவரிடம் தனியாகப் போனாள்.

"எப்படிம்மா வலிக்குது?"

"இடுப்புல ஆரம்பிச்சு கால் வரைக்கும்... தீக்கம்பி இழுத்தாப்புல."

அப்படித்தான் வலித்தது. வேறு சொல் அவளிடம் இல்லை. மருத்துவர் கணினியைப் பார்த்தார்.

"இதே வலியைச் சொல்லி எத்தனை டாக்டர்கிட்ட வாங்கியிருக்கீங்கன்னு இதுல எல்லாம் வருது. என்கிட்டயும் வேண்டாம்மா."

"அதெல்லாம் அவருக்கு. இது எனக்கு."

"அதைச் சொல்லாமலாவது இருந்திருக்கலாம்."

தொட்டுக்கூடப் பார்க்காமல் கதவைத் திறந்துவிட்டார்.

வீட்டில் டெல்மர் நாற்காலியில் சாய்ந்திருந்தான்.

"உன்கிட்ட இருக்கறதுல ஒண்ணு குடு, டெல்மர்."

"என் டாக்டர் திடீர்னு கூப்பிட்டு டப்பாவைக் கொட்டி எண்ணுவாரு, ஓர்ஃபா. ஒண்ணு குறைஞ்சாலும் வித்துட்டேன்னு தொரத்திடுவாரு."

"உனக்காக நான் எத்தனை வாசப்படி ஏறினேன்."

"அப்ப யாரும் எண்ணல."

வெகுநேரம் கழித்து, அன்றைக்குத் தான் விழுங்க வேண்டிய மாத்திரையை எடுத்தான். பாதியைக் கடித்துக்கொண்டு மீதியை நீட்டினான். எச்சில் ஈரத்தோடு அவள் அதை வாயில் போட்டுக்கொண்டாள்.

எலும்பில் புற்றுநோய் என்று மாதங்கள் கழித்துத் தெரிந்தபோது, எந்தக் கேள்வியும் இல்லாமல் மாத்திரையைத் தாராளமாக எழுதித் தந்தார்கள். அதற்குள் அவள் தொண்டையில் தண்ணீர்கூட இறங்காமல் போயிருந்தது. செவிலி வந்து ஊசி போட்டாள். அவளுக்கு எழுதிய மாத்திரைகள் வீட்டிலேயே இருந்தன. அந்தக் குளிர்காலம் முழுக்க டெல்மருக்குக் குறை இருக்கவில்லை.