தெருவைப் பார்த்துப் போட்ட வைக்கோல் போர்

மூன்று எருமைக் கடாக்களைக் கறிக்கு வளர்த்து விற்று நாலு காசு பார்த்தவன், ஆறு வளர்த்தால் எட்டுக் காசு பார்க்கலாம் என்று நினைப்பது இயல்புதானே? அப்படித்தான் நினைத்தேன். இப்போது நினைத்தால் என் மேலேயே எரிச்சலாக வருகிறது.

செல்லிப்பட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இறங்கினால் ஆறு. பால் கறக்கிறவர்களுக்குக் கடாக்கன்று தண்டச்சோறு. வந்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள். அதை வாங்கி இரண்டு வருடம் கரையில் மேய்ப்பேன். புல்லுக்குக் காசில்லை. என் உழைப்பை நான் கணக்கில் சேர்த்ததே இல்லை. மூன்றை விற்றதும் அடுத்த மூன்றை வாங்குவேன். போன வருடம்தான், அந்த மூன்றும் பாதி வளர்ந்திருந்தபோதே, இன்னும் மூன்று கன்றுகளை ஓட்டிவந்தேன்.

"கரையில இருக்கிற புல்லு மூணுக்குத்தான்யா தாங்கும்" என்றாள் மனைவி.

புல் என்ன எண்ணியா முளைக்கிறது என்று கேட்டு அவள் வாயை அடைத்தேன்.

மாசி முடிவதற்குள் கரை மொட்டை. முதல் மூன்று கடாக்களுக்கு ஆற்றங்கரை தீனி போட்டது; நாலாவதிலிருந்து நான்தான் போட வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது. மெஷின் அறுப்பு வந்த பிறகு வைக்கோலும் சும்மா கிடைப்பதில்லை. வயலிலேயே உருட்டிக் கட்டி வெளியூர் லாரியில் ஏற்றிவிடுகிறார்கள். லாரிக்காரர் கொடுக்கும் விலையைக் கொடுத்து நானும் ஒரு லோடு வாங்கினேன். பின்கட்டில் இடம் இருந்தும் தெருவைப் பார்த்துப் போர் போட்டேன். காலம் காலமாக அடுத்தவர் களத்தில் போர் போட்ட குடும்பம் எங்களுடையது. எங்கள் வாசலிலும் ஒன்று நிற்பதை நாலு பேர் பார்க்கட்டுமே என்ற திமிர்தான், வேறென்ன.

ஆவணி மழையில் புல் தலைகாட்டும்வரை இழுத்துவிட்டால் போதும், பெரிய மூன்றும் முழு எடைக்கு வந்துவிடும். ஆனால் வைகாசியிலேயே போர் முழங்கால் உயரத்துக்கு இறங்கிவிட்டது. ஒன்றை மட்டும் விற்று வைக்கோல் வாங்கலாம் என்று வியாபாரியை வரச்சொன்னேன்.

வழக்கமாக வந்ததும் கடாவின் முதுகைத் தட்டி, விலாவை அமுக்கிப் பார்ப்பார். அன்று தெருவிலேயே நின்று போரைக் காலால் நெம்பினார். அப்புறம்தான் கை மேல் துண்டைப் போட்டு, உள்ளே என் விரல்களைப் பிடித்து விலை சொன்னார்.

"இன்னாப்பா, கன்னுக்குட்டி வெலயா சொல்ற?"

"போரு பத்து நாளைக்கு வருமாண்ணே? அப்ப நீயே கூப்புடுவ. வெல இன்னும் கொறஞ்சிடும்."

கையை வெடுக்கென்று உருவிக்கொண்டேன். விலையை யாரும் பார்த்துவிடக் கூடாதென்று துண்டுக்குள் மறைக்கிறோம். என் அவசரத்தையோ நானே தெருவில் குவித்துவைத்திருந்தேன்!

பதினோராம் நாள் நானே கூப்பிட்டேன். அந்த விலைக்கு ஒன்றை விற்று ஐந்தின் வயிற்றை நிரப்ப முடியாது. எடை ஏறாத பெரிய மூன்றும் போயின.

அந்தப் பணத்தில் வாங்கிய லோடு வாசலில் வந்து நின்றது.

"இத்தயாவது பின்னால போடுய்யா" என்றாள் மனைவி.

போட்டேன். கட்டுத்தறியில் மறுபடியும் மூன்றே கடாக்கள். பெரிய மூன்றையும் விற்று வாங்கிய வைக்கோலைச் சின்ன மூன்றும் நிதானமாக மென்றுகொண்டிருந்தன.